தடித்த தந்தி

என் கித்தார் யாருக்கும் கேட்கவில்லை என்பதை முதலில் சொன்னவன் எங்கள் டிரம்மர். சொன்ன விதம்தான் மறக்கவில்லை. பாட்டின் நடுவில் கையிலிருந்த குச்சியை என்மேல் விட்டெறிந்தான். அது என் புருவத்துக்கு மேல் பட்டு, சத்தத்தை அடக்கச் சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டையில் மோதிக் கீழே விழுந்தது.

“தா டெங்கார் லா!” என்று மலாயில் கத்தினான். கேட்கவில்லையாம்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் ரத்தம். “ஏன்டா, வாயால சொல்ல மாட்டியா?” என்றேன். அவனுக்குத் தமிழ் தெரியாது. திட்டுகிறேன் என்பது மட்டும் புரிந்தது. சிரித்துக்கொண்டே குனிந்து குச்சியைப் பொறுக்கிக்கொண்டான்.

இது எண்பதுகளின் நடுவில், ஜாலான் புசாரில், ஓர் இரும்புச் சாமான் கடையின் மாடியில் நடந்தது. கடை எங்கள் பேஸ் கித்தார்காரனின் மாமாவுடையது. ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்திருக்கும். மாடியில் பெயின்ட் டின்களையும் கயிற்றுச் சுருள்களையும் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு மத்தியானம் முழுக்க நாங்கள் நால்வரும் மெட்டல் என்ற முரட்டு ராக் இசையை வாசிப்போம். பேஸ்காரன் சீனன், அதிகம் பேசாதவன். டிரம்மர் மலாய்க்காரன், வாரநாட்களில் மோட்டார் சைக்கிளில் அலுவலகத் தபால்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. பாடியவன் தமிழன், லீட் கித்தாரும் அவன்தான். அவன் அப்பா தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் தையல் கடை வைத்திருந்தார். எழுபதுகளில் நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, நீண்ட முடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அரசாங்க அலுவலகங்களில் படம் போட்டு ஒட்டியிருப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்த அன்றே முடி வளர்ப்பதென்று முடிவு செய்துவிட்டதாக அவன் சொல்வான். கட்டாயப் பட்டாளச் சேவையில் மொட்டையடித்து அனுப்பியபின் அந்த முடிவு இன்னும் கெட்டியாகிவிட்டதாம்.

நான் ரிதம் கித்தார். நால்வரில் ஒரே பெண். லீட் கித்தார் மேலே பறக்கும். எல்லாரும் அதைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். ரிதம் கித்தார் டிரம்மோடு சேர்ந்து கீழே நின்று அடிக்கும். அந்த அடி விழவில்லையென்றால் மெட்டல் பாட்டு வெறும் இரைச்சல். எங்களுடையது இரைச்சலாகத்தான் இருந்தது.

தவறு எங்கே என்று எனக்குப் புரியவில்லை. வீட்டில் தனியாக வாசிக்கும்போது என் கித்தார் பயங்கரமாக இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் கெய்ன் என்று ஒரு குமிழ் உண்டு. அதைத் திருகத் திருக கித்தாரின் சுத்தமான ஒலி கிழிந்து, கரகரத்து, எரியத் தொடங்கும். நான் அதைக் கடைசிவரை திருகியிருந்தேன். கன ஒலிக்கான பேஸ் குமிழும் கடைசிவரை. உச்ச ஒலிக்கான டிரெபிள் குமிழும் கடைசிவரை. நடுவில் இருந்த மிடில் குமிழைப் பூஜ்யத்தில் வைத்திருந்தேன். அப்படி வைத்தால் மார்பில் ஏறி மிதிப்பதுபோல இருக்கும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். எங்கள் மாதா கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்குபவர்களில் முன்னால் நிற்பவர் அவர். தோள் அப்படி. கோயிலில் அவரைப் பார்த்தால் எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். அதே தோளோடு வீட்டுக்கு வந்து அம்மாவை அடிப்பார். பெல்ட், கை, கிடைத்தால் செருப்பு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது நடந்துகொண்டிருந்தது. எழுபதுகளில் வாடகை வீட்டில் இருந்தபோதும் நடந்தது. பிறகு தேக்கா பக்கம் அடுக்குமாடிக்கு வந்தபோது அம்மா, “புது வீட்டுல மாறிடுவாரு” என்றாள். புது வீட்டில் சுவர்தான் மாறியிருந்தது. அதில் தலை இடித்தால் காயம் ஆழமாக விழுந்தது.

கோயில் பாடகர் குழுவுக்காக நான் கித்தார் கற்றுக்கொண்டபோது அப்பாவுக்குப் பெருமை. காலாங்கில் கேசட் ரெக்கார்டர் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபின் எலெக்ட்ரிக் கித்தாரும் ஆம்பும் வாங்கினேன். அவற்றையும் கோயிலுக்கென்றே நினைத்துக்கொண்டார். அவர் அப்படியே நினைக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

எனக்கு வேண்டிய ஒலி எது என்று எனக்குத் தெளிவாகத் தெரியும். விழ வேண்டும், சட்டென்று நிற்க வேண்டும், மறுபடி விழ வேண்டும். இழுபடக் கூடாது. வீட்டில் கேட்டு வளர்ந்த ஒலிதான் அது என்று யாராவது சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் வீட்டில் அது எங்கள்மேல் விழுந்தது. கித்தாரில் நான் அடித்தேன். அந்த வித்தியாசம் எனக்குப் பெரிய வித்தியாசம்.

குச்சி என் நெற்றியைக் கிழித்ததற்கு அடுத்த வாரம் தொழிற்சாலையிலிருந்து ஒரு ரெக்கார்டரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், நாங்கள் வாசித்ததைப் பதிவு செய்தேன். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில், தயாரான ரெக்கார்டர்களை ஓடவிட்டுச் சரிபார்க்கும் என் சோதனை மேசையில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். டிரம் இருந்தது. பேஸ் இருந்தது. பாடகனின் அலறல் இருந்தது. நான் இல்லை. எங்கோ தூரத்தில் கொசுக்கூட்டம் மாதிரி ஏதோ ஒன்று. அவ்வளவுதான்.

பக்கத்து மேசைத் தோழி காதை நீட்டிக் கேட்டாள். “உன் கித்தார் எங்கே?” என்றாள்.

“அதைத்தான் தேடுறேன்.”

அதன்பின் வேலையில் மனம் ஓடவில்லை. தினமும் நான் செய்துவந்த வேலையே எனக்குப் பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன ரெக்கார்டர்களின் ஸ்பீக்கரில் கனமான ஒலியும் வராது, மிக உச்ச ஒலியும் வராது. ஆனாலும் செய்தி வாசிப்பவர் பேசினால் ஒவ்வொரு சொல்லும் புரியும். ஏனென்றால் மனிதக் குரல் நடுவில் இருக்கிறது. கித்தாரும் அங்கேதான் இருக்கிறது. நான் மிடிலைப் பூஜ்யத்தில் வைத்து என் கித்தாரின் கழுத்தையே அறுத்து வைத்திருந்தேன். மிச்சமிருந்த கீழ்ப்பகுதியை பேஸ் கித்தார் தின்றுவிட்டது. மேல்பகுதியை டிரம்மின் பித்தளைத் தட்டுகள் தின்றுவிட்டன.

அடுத்த ஞாயிறு ஒரு நேரத்தில் ஒரு குமிழை மட்டும் தொடுவது என்று முடிவு செய்துகொண்டு போனேன். ஒரே வரியை வாசிக்கச் சொல்லி, பதிவு செய்து, நிறுத்தி, கேட்டு, மறுபடி வாசிக்கச் சொன்னேன். மூன்று பேரும் என்னைத் திட்டினார்கள். மிடிலை ஏற்றினேன். பாடகன் முகத்தைச் சுளித்தான்.

“என்ன லா இது, மூக்கடைச்ச மாதிரி இருக்கு.”

“தனியா கேட்டா அப்படித்தான் இருக்கும். நீங்க எல்லாரும் சேர்ந்து அடிங்க.”

பேஸைக் குறைத்தேன். கெய்னைப் பாதிக்குக் கீழே இறக்கினேன். அதுதான் எனக்கே கஷ்டமாக இருந்தது. பல்லைப் பிடுங்கிய மாதிரி. கெய்ன் குறைந்ததும் என் வலது கை செய்த பிழையெல்லாம் வெளியே தெரிந்தது. முன்பு எரியும் சத்தம் மூடி மறைத்திருந்தது. இப்போது அடியை நானேதான் அடிக்க வேண்டும். வலது உள்ளங்கையின் விளிம்பைத் தந்திகள் முடியும் இடத்தில் அழுத்தி வைத்து, தந்தியைப் பாதி நெரித்து, கீழ்நோக்கியே அடித்தேன். மேல்நோக்கி ஓர் அடிகூட இல்லை. தந்தியை மீட்டும் மெல்லிய பிக்கைத் தூக்கியெறிந்துவிட்டு, பேஸ்காரனின் தடித்த பிக்கை வாங்கிக்கொண்டேன். மணிக்கட்டு எரிந்தது. சின்னவிரல் பக்கத் தோல் உரிந்து தந்தியில் ஒட்டியது.

அந்த மாலை ஒரு கட்டத்தில் டிரம்மின் அடியும் என் அடியும் ஒன்றாக விழுந்தன. கீழே கடையில் எதுவோ தட்டிலிருந்து சரிந்து விழுந்து உருண்டது. பேஸ்காரன் வாசிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினான். தலையை மட்டும் ஆட்டினான்.

குமிழ்கள் நின்ற இடத்தை வெள்ளை மையால் குறித்துக்கொண்டேன். அப்போது நான் பாட்டைப் பற்றி மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை மாலை. அம்மா தேக்காச் சந்தையில் மீன்காரனோடு சிரித்துப் பேசினாளாம். யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சமையலறைக்குப் போய் அம்மாவின் பின்தலையைப் பிடித்துப் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் மோதினார். “மீனு வாங்கப் போனியா, மினுக்கப் போனியா?” என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மோதல். நான் குறுக்கே போனேன். முழங்கையால் என்னைத் தள்ளினார். குளிர்சாதனப் பெட்டியில் மோதி விழுந்தேன். அம்மா கத்தினாள். வெளியே தாழ்வாரத்தில் எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு டிவியின் சத்தம் கூடியது. எப்போதும் அப்படித்தான். அம்மாவின் குரல் அந்தத் தாழ்வாரத்துக்குப் பழகிப்போன சத்தம்.

எழுந்து என் அறைக்குப் போனேன். ஆம்பை இழுத்துக்கொண்டு வந்து வாசல் கதவைத் திறந்து, இரும்பு கிரில்லோடு ஒட்டித் தாழ்வாரத்தைப் பார்த்து வைத்தேன். கித்தாரைச் சொருகினேன். குமிழ்கள் வெள்ளைக் குறிகளில்தான் இருந்தன. வால்யூமை மட்டும் கடைசிவரை திருகினேன். தடித்த தந்தியை நெரித்துப் பிடித்து அடிக்க ஆரம்பித்தேன்.

அது சிமென்ட் தாழ்வாரத்தில் ஓடிப்போய்ச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. ஒரே வரி. திரும்பத் திரும்ப. கதவுகள் திறந்தன. எதிர்வீட்டுச் சீனக் கிழவர் அரைக்கால் சட்டையோடு வெளியே வந்து காதைப் பொத்திக்கொண்டு கையை ஆட்டினார். மேல் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். நாலு வீடு தள்ளியிருந்த தமிழ் ஆன்ட்டி கிரில்லைத் தட்டினார்.

“ஏம்மா, பிள்ளைங்க படிக்கிறாங்கல்ல? என்னம்மா சத்தம் இது?”

நான் நிறுத்தவில்லை. “உள்ள பாருங்க ஆன்ட்டி.”

“என்னது?”

“உள்ள பாருங்க! எங்கம்மாவைப் பாருங்க!”

அவர் எட்டிப் பார்த்தார். சமையலறை வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கை இன்னும் அம்மாவின் முடியில் இருந்தது. தாழ்வாரத்தில் கூடி நின்றவர்களைப் பார்த்தார். கையை எடுத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அவருடைய முகம் கோயிலில் இருக்கும் முகமாக மாறியது. அவ்வளவு சீக்கிரம் அது மாறியதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதன்முதலாக அவரைக் கொல்ல வேண்டும்போல இருந்தது.

யாரோ போலீசைக் கூப்பிட்டிருந்தார்கள். அம்மாவுக்காக இல்லை, சத்தத்துக்காக. வந்த இரண்டு பேரில் ஒருவர் தமிழர்.

“யாரு வாசிச்சது?”

“நான்தான் சார்.”

“கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. இப்படி அலற விட்டா அக்கம்பக்கத்துல எப்படி இருப்பாங்க?” என்றவர், உள்ளே அம்மா நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். துண்டு சிவந்திருந்தது. “உங்களுக்கு என்னாச்சுக்கா?”

“வழுக்கி விழுந்துட்டேன்,” என்றாள் அம்மா.

அவர் அப்பாவையும் தரையையும் பார்த்தார். தரை காய்ந்திருந்தது. “ரிப்போர்ட் கொடுக்கணும்னா இப்பவே கொடுக்கலாம்கா. நான் எழுதிக்கிறேன்.”

அம்மா தலையை அசைத்து வேண்டாம் என்றாள். என்னிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எச்சரித்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் அன்று எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. கதவு திறந்திருந்தால் அப்பாவால் அடிக்க முடியாது. அதற்குப் பிறகு அவர் குரல் உயரும்போதெல்லாம் நான் ஆம்பை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போவேன். சில நாள் சக்கரம் தரையில் உருளும் சத்தமே போதும். அந்தத் தாழ்வாரத்தில் என்னை எல்லாரும் வெறுத்தார்கள். வெறுக்கட்டும் என்றிருந்தேன். அம்மாவின் நெற்றிக் காயம் ஆறியது. சில வாரங்கள் எங்கள் வீட்டில் யாருக்கும் அடி விழவில்லை.

அப்பா பொறுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் வேலை முடிந்து வந்து, கிரில்லைத் திறந்து உள்ளே காலை வைத்தேன். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தவர் என் இடது மணிக்கட்டைப் பிடித்தார். விரல்களை கிரில்லின் நிலைச் சட்டத்தில் வைத்து அழுத்தினார். ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னொரு கையால் இரும்புக் கதவை இழுத்து அறைந்தார். பிறகு மறுபடியும் திறந்து அறைந்தார்.

எனக்கு வலி உடனே வரவில்லை. முதலில் சத்தம்தான் கேட்டது. பிறகு என் மோதிர விரலும் நடுவிரலும் போகக் கூடாத பக்கம் வளைந்திருப்பதைப் பார்த்தேன். பிறகுதான் கத்தினேன். அவர் கித்தாரைத் தொடவே இல்லை. தொட வேண்டியதில்லை என்று அவருக்குத் தெரியும்.

அம்மா என்னை டாக்சியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள். அவளுக்கு ஆங்கிலம் திக்கித் திக்கித்தான் வரும்.

“ஹெர் ஃபாதர். குளோஸ் தி டோர். டூ டைம்,” என்றாள். பிறகு தமிழில், “வேணும்னே” என்றாள். டாக்டருக்கு அது புரியவில்லை. அதனால் மறுபடி சொன்னாள். “வேணும்னே. வேணும்னே.”

ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை. கட்டுப்போட்ட கையோடு என்னைப் பேருந்தில் ஏற்றி சுவா சூ காங்கில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு அழைத்துப் போனாள். பெரியப்பா அங்கே கிறிஸ்தவக் கல்லறையில் புல் வெட்டும் வேலையில் இருந்தார். தகரக் கூரை போட்ட வீடு. சுற்றிலும் இருந்த பண்ணைகளைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். பகல் முழுக்க புல்டோசர் சத்தம். அடுக்குமாடி வரப்போகிறது என்றார்கள். அந்தச் சத்தத்தில் நான் நன்றாகத் தூங்கினேன்.

என் சாமான்களை எடுத்துவரப் பாடகன் எங்கள் வீட்டுக்குப் போனான். டிரம்மரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, மடியில் ஆம்பையும் தோளில் கித்தாரையும் வைத்துக்கொண்டு வந்து இறங்கினான். கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது.

“உங்கப்பா நல்லா குத்துறாரு லா,” என்றான்.

“நீ என்ன பண்ண?”

“நான் என்ன பண்றது? கையில உன் கித்தார் இருக்குல்ல.”

அம்மா அவனை உட்கார வைத்து உதட்டில் மஞ்சள் பற்றுப் போட்டாள். அவள் அவனை அதுவரை பார்த்ததில்லை. முடியைப் பார்த்தாள். சோறு போட்டாள்.

கட்டைப் பிரித்தபோது இரண்டு விரல்களும் பாதிதான் மடங்கின. மெட்டல் ரிதம் கித்தாரில் பெரும்பாலும் இரண்டு விரல் வேலைதான். ஆள்காட்டி விரல் ஓரிடத்தில், மோதிர விரல் இரண்டு கட்டம் தள்ளி. என் மோதிர விரல் அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பாட்டு போய்விடும். சின்னவிரலை வைத்துப் பார்த்தேன். பக்கத்து விரல் விறைத்து நின்று அதையும் தடுத்தது. ஒரு வாரம் முயன்றேன். ஒரு மத்தியானம் கித்தாரைத் தூக்கி மாமரத்தில் அடித்து உடைக்கப் போனேன். பெரியம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கோபத்தில்தான் அதைச் செய்தேன். தடித்த தந்தியின் முறுக்காணியைத் தளர்த்தி, ஒரு முழு சுரம் கீழே இறக்கினேன். ஆள்காட்டி விரலைக் கீழ் மூன்று தந்திகளின் மேல் குறுக்காகப் படுக்க வைத்தேன். ஒரே விரலில் அந்தக் கனமான கூட்டுச் சுரம் முழுதாக வந்தது. உடைந்த விரல்கள் தேவைப்படவில்லை. ஒலி முன்பைவிடக் கீழே, முன்பைவிடப் பெரிதாக இருந்தது.

ஆனால் சேறு. தந்தி தொளதொளவென்று ஆடியது. அடித்தால் நிற்காமல் வழிந்தது. மறுபடியும் முதலிலிருந்து. அந்த இடத்தில் இன்னும் தடித்த தந்தியைப் போட்டேன். பேஸை இன்னும் குறைத்தேன். ஆம்புக்கு முன்னால், டிரம்மர் எங்கிருந்தோ கொண்டுவந்து கொடுத்த ஓவர்டிரைவ் பெடலைச் சொருகினேன். அதில் எரிச்சலைக் கூட்டும் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து, அளவை மட்டும் முழுக்க ஏற்றினேன். அது அடிவயிற்றுச் சேற்றை வடித்துவிட்டு மீதியை ஆம்புக்குள் முட்டித் தள்ளியது. ஆம்பின் கெய்னை இன்னும் இறக்கினேன். ஒரு சாயங்காலம் அது வந்தது. விழுந்தது, நின்றது, விழுந்தது. புல்டோசர்க்காரன் ஒருவன் எஞ்சினை அணைத்துவிட்டு எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு அப்பா வந்தார். கோயில் சபையிலிருந்து இரண்டு பெரிய மனிதர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். சமாதானம் பேசவாம். அம்மா வீட்டுக்குப் பின்னால் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே இருந்தேன். முதலில் அந்த இருவரில் ஒருவரின் குரல், குடும்பம், கௌரவம் என்று ஏதோ. பிறகு அம்மாவின் குரல், “நான் வரல.” பிறகு அவள் கத்தினாள்.

நான் ஓடினேன். அப்பா அவள் கொண்டையைப் பிடித்துச் செம்மண் பாதையில் இழுத்துக்கொண்டு போனார். முழங்கால்கள் தரையில் தேய்ந்தன. அந்த இருவரும் பக்கவாட்டில் நடந்துகொண்டே, “அண்ணே, மெதுவா அண்ணே” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் கையில் மண்வெட்டி இருந்தது. அதை அவள் விடவில்லை என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. ஒரு காலை ஊன்றினாள். எழுந்தாள். பிடியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, தன் முடியைப் பிடித்திருந்த கையின்மேல் ஓங்கி அடித்தாள்.

எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. அப்பா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அம்மா இன்னொரு முறை ஓங்கினாள். நான் போய் அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன்.

“ஏம்மா, கட்டின புருஷன் மேலயா கை வைப்பீங்க?” என்றார் சபைக்காரர்.

“கை வைக்கல,” என்றாள் அம்மா. “மண்வெட்டிய வச்சேன்.”

அவர்கள் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள். திரும்பி வரவில்லை. அம்மாவும் அவர்மேல் புகார் கொடுக்கவில்லை, அவரும் அவள்மேல் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு திருவிழாவில் சப்பரத்தின் முன்கொம்பை வேறொருவர் தூக்கினார் என்று கேள்விப்பட்டேன்.

எங்கள் முதல் மேடை ஒரு சமூக மன்றத்து அரங்கம். சனிக்கிழமை மத்தியானம், பல குழுக்கள், நாங்கள் மூன்றாவது. ஒலி அமைப்பாளர் என் ஆம்புக்கு முன்னால் வந்து நின்று, மிடிலைக் குறை, பேஸை ஏற்று, மெட்டல் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார். நான் என் குமிழ்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். “தொடாதீங்க,” என்றேன். அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார்.

முதல் அடி விழுந்ததும் கூட்டம் முன்னால் வந்து மோதியது. நூறு பையன்களாவது இருப்பார்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு, முடியைச் சுழற்றிக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டு. இரண்டாவது பாட்டு வரை அது விளையாட்டுத்தான். விழுந்தவனைத் தூக்கி நிறுத்தினார்கள். அதன் பிறகு யாரோ யாரையோ உண்மையாகவே குத்திவிட்டார்கள். ஒரு மூலையில் ஆரம்பித்தது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரங்கம் முழுக்கப் பரவியது. மடக்கு நாற்காலிகள் பறந்தன. ஒருவன் இன்னொருவனைத் தரையில் போட்டு முகத்தில் மிதித்தான். ஒரு நாற்காலி மேடைக்கு வந்து என் தோளில் விழுந்தது. கை மரத்தது. அடிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை என்பதுதான் உண்மை.

ஒருவன் மேடையில் ஏறினான். சட்டையில்லை, மூக்கிலிருந்து ரத்தம். நேராக என்னிடம் வந்து கித்தாரின் கழுத்தைப் பிடித்தான். என்ன நினைத்தான் என்று தெரியாது. பெண் என்பதாலா, அருகில் இருந்ததாலா. நான் அவன் விரல்களைப் பார்த்தேன். என் இடது கையின்மேல் இன்னொருவரின் கை. எனக்குக் கண் இருண்டது. முழங்காலை ஓங்கினேன். அவன் மடங்கினான். பாடகன் அவனை மேடையிலிருந்து கீழே உதைத்துத் தள்ளினான்.

அப்போது மின்சாரம் போயிற்று. மன்றத்துக்காரர்கள் இழுத்துவிட்டிருந்தார்கள். என் கையில் வெறும் கம்பிச் சத்தம். கீழே அழுகை, திட்டு, நாற்காலி உரசும் ஒலி. அரங்கப் பொறுப்பாளர் மேடையேறி வந்து எங்களைப் பார்த்துக் கத்தினார். இனி இந்தப் பக்கமே வரக்கூடாது, உங்கள் இசையால்தான் இவ்வளவும் என்றார்.

“நாங்க யாரையும் அடிக்கச் சொல்லல,” என்றேன்.

“இந்தச் சத்தத்தைக் கேட்டா வேற என்ன பண்ணுவாங்க?”

கித்தாரின் வயரைச் சுருட்டினேன். அம்மா அடிபட்ட வருஷங்களில் எங்கள் வீட்டில் ஓடியதெல்லாம் பக்திப் பாட்டுதான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

பின்வாசல் வழியாக வெளியேறி, தேக்காவுக்குப் போய் ஆட்டு சூப் குடித்தோம். பாடகனின் கண் மூடிக்கொண்டுவிட்டது. பேஸ்காரனின் சட்டை கிழிந்திருந்தது. எனக்குத் தோள் வீங்கிக் கரண்டியைத் தூக்க முடியவில்லை. டிரம்மர் ரொட்டியைப் பிய்த்து சூப்பில் நனைத்து என் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தான். பிறகு பேஸ்காரன், அந்த மூன்றாவது பாட்டு இன்னும் கொஞ்சம் வேகமாகப் போயிருக்கலாம் என்றான். எல்லாரும் சிரித்தோம். சிரிக்கும்போது எனக்கு விலாவும் வலித்தது.

அதற்குப் பிறகு சில ஆண்டுகள் வாசித்தோம். பேஸ்காரன் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது குழு முடிந்தது, சண்டையில்லை. பெரியம்மாவின் வீடு இருந்த நிலத்தில் அடுக்குமாடி வந்தது. அம்மாவும் நானும் அந்தப் பக்கமே ஒரு வீடு வாங்கிக் குடிபோனோம். புது வீட்டில் முதல் நாள், அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு அம்மா சமையலறையில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்தாள்.

“உன் பெட்டியை எங்க வைக்கப் போற?” என்று கேட்டாள். ஆம்பைத்தான் அப்படிச் சொல்வாள்.

“என் ரூம்லதான்மா.”

“ஹால்ல, வாசல் பக்கமா வை. நான் ஒத்தையில இருக்கும்போது துணி மடிக்க மேசையா வச்சுக்க உசரம் சரியா இருக்கும்.”